பெருங்குடலுக்கு நேரம் பழக்கியவர்கள்

சென்ற மழைக்காலத்தில், நான் கடைசியாக வேலை பார்த்த அறுவைப் பிரிவிலிருந்து இரண்டு செவிலியர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். ஒருத்தி தன் கைப்பையிலிருந்து, வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் ஒரு மலப்பையை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். தோலின் நிறம், விளிம்பில் பிசின், மணம் கசியாதிருக்க ஒரு சிறு வடிகட்டி. இப்போது இவை பெட்டி பெட்டியாக வருகின்றனவாம். "இவை இல்லாத காலத்தில் என்ன செய்தீர்கள், அக்கா?" என்று கேட்டாள். வியட்நாமியர் தம்மோடு வேலை செய்பவர்களையும் அக்கா, தங்கை என்றே அழைப்பார்கள். ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளான பின்னும் அந்த உறவு எனக்கு மிஞ்சியிருக்கிறது.

சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, பிளாஸ்டிக் தாளைக் கட்டி, மேலே துணிப்பட்டை சுற்றினோம் என்றேன். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகுதான், கேட்ட கேள்விக்கு நான் முழுமையாகப் பதில் சொல்லவில்லை என்று தோன்றியது. அந்தப் பதிலை எழுதிவைக்க முயல்கிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கதையின் நாயகர் தமிழர். அவருக்காகப் பேசிய என் தமிழும் அந்த மருத்துவமனையில்தான் பயன்பட்டது.

என் தந்தை காரைக்காலிலிருந்து சைகோனுக்குக் கப்பலேறி வந்தவர். தாய் இந்த ஊர்க்காரி. பிரெஞ்சுக் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்து, செவிலியாகத் தேர்ந்து, அறுவை அரங்கில் கத்தரிக்கோலும் ஊசியும் எடுத்துக் கொடுக்கப் பழகி முடித்தபோது சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்தது. ஊரின் பெயர் மாறியது. தமிழர்களில் பெரும்பாலோர் விமானமேறிப் போனார்கள். மருத்துவர்களில் பலரும் போனார்கள். என் தாயை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இருந்துவிட்டேன்.

போனவர்களின் இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர்தான் டாக்டர் ஹான். கூச்சி என்ற ஊரின் பக்கத்துக் காடுகளில், மண்ணுக்கடியில் தோண்டிய அறைகளில், போர் முழுவதும் அறுவை செய்தவர். குள்ளமான, அகன்ற தோள்களுடைய பெண்மணி. நகரத்து மருத்துவர்கள் அவரைக் "காட்டு டாக்டர்" என்று முதுகுக்குப் பின்னால் அழைத்தார்கள். அது அவர் காதில் விழாமலில்லை. ஒருநாள் தேநீர் இடைவேளையில் அவரே சொன்னார்: "காட்டில் ஒரு வசதி உண்டு. அங்கே யாரும் முதுகுக்குப் பின்னால் பேச முடியாது. அவ்வளவு இடம் கிடையாது."

அவரோடு அரங்கில் நின்ற முதல் நாளே நான் பெருங்குடலைப் புதிதாகப் பார்த்தேன். அதற்கு முன் பாடத்தில் படித்திருந்தேன்: வலப்புற அடிவயிற்றில் தொடங்கி, மேலேறி, ஈரலுக்கடியில் திரும்பி, வயிற்றைக் குறுக்கே கடந்து, மண்ணீரலுக்கருகில் வளைந்து, இடப்புறமாக இறங்கி, நெளிந்து, மலக்குடலில் முடிவது. ஒரு வீட்டின் வாசல் நிலைச்சட்டம்போலச் சிறுகுடலைச் சுற்றி நிற்பது. படத்தில் அது வெறும் குழாய். டாக்டர் ஹான் அதைத் தொடும் விதத்தில்தான் அது உயிருள்ள உறுப்பு என்று தெரிந்தது. தொடுவதற்கு முன் கையுறையணிந்த கைகளை வெதுவெதுப்பான உப்புநீரில் வைத்திருப்பார். குளிர்ந்த கை பட்டால் குடல் சுருங்கி மனம் கோணிக்கொள்ளும் என்பார். பிறகு நீளவாட்டில் ஓடும் மூன்று தசைநாடாக்களைக் காட்டுவார். அந்த நாடாக்கள் குடலைவிடக் குட்டையானவை. அதனாலேயே குடல், பாவாடை நாடாவை இழுத்ததுபோல, சிறுசிறு பைகளாகச் சுருங்கியிருக்கிறது. அந்தப் பைகள் உள்ளிருப்பதை அவசரமின்றி முன்னும் பின்னும் அசைத்து, நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்கின்றன. வலப்பக்கம் கூழாக வந்தது இடப்பக்கம் சேரும்போது கெட்டிப்பட்டிருக்கும். நாளில் ஓரிரு முறை, பெரும்பாலும் காலையில் சூடாக ஏதேனும் குடித்தபின், ஒரு நீண்ட அலை எழுந்து எல்லாவற்றையும் கீழே தள்ளும்.

"மூளைக்குக் கவிதை எழுதுகிறார்கள், இதயத்துக்கு எழுதுகிறார்கள்," என்றார் ஒருமுறை, தையல் போட்டுக்கொண்டே. "உங்கள் குப்பையை யாருக்கும் தெரியாமல் இரவும் பகலும் சுமந்து, அதிலிருந்தும் தண்ணீரை மிச்சம்பிடித்துத் தருகிறவளுக்கு ஒரு வரி இல்லை."

அவருடைய வழக்கங்களில் ஒன்று நகரத்து மருத்துவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. குடலின் முனையை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து தைக்க வேண்டிய நோயாளிகளை, அறுவைக்கு முந்தைய நாள் அவரவர் தொழிலைப் பிரிவிலேயே செய்துகாட்டச் சொல்வார். கான் ஹொய் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் அரிசிச் சாக்குக்குப் பதில் தலையணைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். சிக்லோ என்னும் மூன்றுசக்கர வண்டி ஓட்டுபவர் நாற்காலியில் உட்கார்ந்து காற்றில் மிதித்தார். தையற்காரி கட்டில்மேசையில் குனிந்து இல்லாத துணியைத் தள்ளினாள். அவர்கள் அசையும்போது டாக்டர் ஹான் கூடவே நடந்து, குனிந்து, வயிற்றில் எங்கே மடிப்பு விழுகிறது, இடுப்புக்கச்சை எங்கே அழுத்துகிறது, அவர்களுக்கே எந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்ப்பார். பிறகு பஞ்சுக்குச்சியை ஊதா மருந்தில் தோய்த்து ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளியில்தான் குடல் வெளிவரும். மடிப்பில் வைத்தால் வளையம் ஒட்டாது. கச்சைக்கடியில் வைத்தால் புண்ணாகும். காட்டில் ஒரு வீரருக்குத் தோட்டாப்பட்டைக்கு நேர் கீழே வைத்துவிட்டார்களாம். "அவன் துப்பாக்கியைச் சபிக்கவில்லை, என்னைச் சபித்தான்," என்பார்.

இந்தப் பிரிவுக்குத்தான் கதிரேச ஐயா வந்து சேர்ந்தார்.

அவர் காரைக்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். செட்டியார்கள் கட்டிய முருகன் கோயிலில் முதலில் மடைப்பள்ளி வேலை. பூசை செய்துவந்த பண்டாரம் ஊருக்குத் திரும்பிய பின் அவரே பண்டாரம். செட்டியார்களும் போய்விட்ட பிறகு அந்தக் கோயிலில் விளக்கேற்ற அவரைத் தவிர யாருமில்லை. அவர் மனைவி மாய் இந்த ஊர்க்காரி. சந்தையில் பூ விற்பவர். மலத்தோடு இரத்தம் போவதை அவர் மனைவியிடமிருந்துகூட நெடுநாள் மறைத்திருந்தார். டாக்டர் ஹான் விரலால் சோதித்தபோதே தெரிந்துவிட்டது: மலக்குடலின் கடைசிப் பகுதியில், மலவாயை ஒட்டிய கட்டி. அறுத்தெடுத்தால் பிழைப்பார். ஆனால் கட்டியோடு மலவாயும் அதன் காவல் தசையும் போய்விடும். வயிற்றில் வைக்கும் வாசல் நிரந்தரம்.

இதை அவருக்குத் தமிழில் சொல்லும் பொறுப்பு என்னுடையது. அமைதியாகக் கேட்டார். பிறகு, "வேண்டாம் ஆத்தா," என்றார்.

"ஐயா, அறுக்காவிட்டால்..."

"தெரியுது. ஆனா நீ சொல்ற மாதிரி வயித்துல ஒரு வாசல் வச்சா, அது எப்பத் தொறக்கும் எப்ப மூடும்னு எனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அதைப் பூட்டும் தசை இருக்காது.

"அபிசேகம் பண்ணிக்கிட்டு இருக்கேன். கையில பால்சொம்பு. அப்ப வந்துச்சுன்னா? கருவறைக்குள்ள அப்படி ஒரு உடம்போட நான் நிக்க முடியாது. வெளிய நின்னா உள்ள போக வேற ஆளு இல்ல. நான் உசுரோட இருந்து கோயிலப் பூட்டுறதுக்கு, செத்தே பூட்டிக்கலாம்."

பக்கத்தில் நின்ற மாய்க்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆனால் 'செத்து' புரிந்தது. "கிழவர் சாகப்போகிறாராம்," என்றார் என்னிடம் வியட்நாமியத்தில், தலையணையுறையை வேகமாக உதறிக்கொண்டே. "மாமியார் இல்லாத வீட்டுக்கு வந்தேன் என்று ஊரில் பொறாமைப்பட்டார்கள். எனக்கு மாமியார் கல்லில் நிற்கிறார், வேலோடு!"

டாக்டர் ஹானிடம் சொன்னேன். அவர் கம்யூனிஸ்டுக் கட்சி உறுப்பினர். கோயிலுக்குள் கால் வைத்தவரில்லை. மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் முடிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ என்னைக் கேட்டார்: "அவருக்கு எது தடை? வாசல் இருப்பதா, அல்லது எதிர்பாராமல் வருவதா? இரண்டும் வேறு. போய்க் கேள்."

கேட்டேன். கதிரேச ஐயா தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "எல்லாரு வயித்துலயும்தான் மலம் இருக்கு," என்றார். "அதோடதான உள்ள போறோம். சொல்லாம கொள்ளாம வர்றதுதான் ஆத்தா ஆகாது."

இந்தப் பதிலை நான் கொண்டுபோனபோது டாக்டர் ஹானின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஐயா, பூட்டை நான் எடுத்துவிடுவேன். திருப்பித் தர முடியாது. ஆனால் உங்கள் குடல் பழக்கத்துக்குக் கட்டுப்படும் பிராணி. தினமும் ஒரே நேரத்தில் அந்த வாசல் வழியாக வெதுவெதுப்பான நீர் விட்டால் உள்ளே அந்தப் பெரிய அலை எழும். இடப்பக்கம் முழுவதும் காலியாகும். வலப்பக்கத்திலிருந்து மறுபடி வந்து நிறைய ஒரு நாளாவது பிடிக்கும். அந்த ஒரு நாள் உங்களுடையது."

"நிச்சயமாவா?"

"இல்லை. எல்லார் குடலும் பழகாது. பழகினாலும் மாதக்கணக்காகும். நான் வாக்குத் தர மாட்டேன்."

மாய் இடுப்பில் கைவைத்தபடி, இந்த முறை தமிழிலேயே, "சாமிக்கு தினம் தண்ணி ஊத்துறீர்," என்றார். "குடலுக்கு ஊத்தினா கை தேயுமா?"

கதிரேச ஐயா சிரித்தார். நோய் தெரிந்தபின் அவர் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல்முறை. சம்மதத் தாளில் கைநாட்டு வைத்தார்.

அறுவைக்கு முந்தைய நாள், வழக்கம்போல டாக்டர் ஹான் அவரைத் தொழில் செய்துகாட்டச் சொன்னார். அவர் மறுத்துவிட்டார்.

"மூட்டை தூக்குறவரு தலகாணியத் தூக்கலாம். நான் சும்மா பூசை பண்ணிக் காட்ட முடியுமா? சாமி இல்லாத எடத்துல?"

"அப்படியானால் உண்மையாகவே செய்யட்டும்," என்றார் டாக்டர் ஹான். "அவருக்கு என்ன வேண்டும் என்று கேள்."

குளிக்க வேண்டும், வேட்டி வேண்டும், கோயில் இருக்கும் திசையை நோக்கி நிற்க வேண்டும். மாய் ஓடிப்போய் வேட்டியும் திருநீறும் கொண்டுவந்தார். கோயிலின் திசை மருந்து அலமாரிப் பக்கமாக வந்தது; அலமாரியை நகர்த்தினோம். மருத்துவமனை உடுப்பில் சுருங்கிக் கிடந்த நோயாளி, குளித்து, நீறு பூசி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தபோது, பிரிவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது: வேட்டிக்கட்டு நாங்கள் நினைத்ததைவிட மேலே, தொப்புளுக்குச் சற்றுக் கீழாக, இடப்பக்கம் தடித்து நிற்கிறது. படுக்கையில் பார்த்து வைத்திருந்தால் புள்ளி நேராக அதற்கடியில் விழுந்திருக்கும்.

அவர் சம்மணமிட்டு அமர்ந்தார், எழுந்தார், இல்லாத குடத்தைத் தூக்கி, இல்லாத சிரசில் ஊற்றினார். நான் கொடுத்த எனாமல் தட்டைத் தீபமாக்கிச் சுற்றினார். உதடுகள் மட்டும் அசைந்தன. டாக்டர் ஹான் ஊதாக்குச்சியோடு அவருக்குப் பக்கவாட்டில், அவர் குனிந்தால் குனிந்து, அமர்ந்தால் அமர்ந்து, வயிற்றை விட்டுக் கண்ணெடுக்காமல் நகர்ந்தார். ஒரு கட்டத்தில் தேவையானது கிடைத்துவிட்டது. "போதும்" என்று எனக்குச் சைகை காட்டினார். நான் சொல்ல வாயெடுத்தேன். அவரே என் கையைப் பிடித்து நிறுத்தினார். கதிரேச ஐயா தொடங்கியதைப் பாதியில் விடப்போவதில்லை என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். காத்திருந்தோம். முடிவில் அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தபோது எதிர்க்கட்டிலில் இருந்த துறைமுகத் தொழிலாளி, எந்தத் தெய்வம் என்று தெரியாமலே, கைகூப்பினார்.

எழுந்தவரின் வேட்டிக்கட்டுக்கு மேலே, மடிப்புக்கு விலகி, அவர் கண்ணுக்குத் தெரியுமிடத்தில், டாக்டர் ஹான் புள்ளியை வைத்தார். "புத்தகத்தில் இதைவிடக் கீழே போட்டிருக்கும்," என்றார் என்னிடம். "புத்தகம் எழுதியவர் வேட்டி கட்டியவரில்லை."

அறுவை நெடுநேரம் நடந்தது. நூலுக்கும் கையுறைக்கும் தட்டுப்பாடு நிலவிய காலம். கையுறைகளைக் கழுவி, மாவு தடவி, மறுபடி நீராவியில் வைப்போம். மேலே வயிற்று வழியாக டாக்டர் ஹானும் கீழே மலவாய்ப் பக்கமாக இன்னொரு மருத்துவரும் கட்டியைச் சுற்றிப் பிரித்து எடுத்தார்கள். மீந்த குடலின் முனையைப் புள்ளியிருந்த இடத்தில் வெளியே கொண்டுவரும்போது அவர் காட்டிய பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை. முறுக்கு விழவில்லையா என்று தசைநாடாவை விரலால் பின்தொடர்ந்து பார்த்தார். இழுவை இல்லாதிருக்க இன்னும் கொஞ்சம் விடுவித்தார். விளிம்பில் இரத்தம் துளிர்க்கிறதா என்று காத்திருந்தார். துளிர்த்தது. அதைத் தோலோடு சேர்த்து, மலரிதழை வெளிப்புறம் மடிப்பதுபோல மடித்துத் தைத்தார். ஈரமான, சிவந்த, உயிருள்ள ஒரு மொட்டு. "அழகி," என்றார் வியட்நாமியத்தில், மெல்ல.

காயம் ஆறியபின் நீர் விடத் தொடங்கினோம். எனாமல் வாளி, ரப்பர் குழாய். முனைக்குக் குழந்தையின் பால்புட்டி நிப்பிளைத் துளையிட்டு மாட்டினோம், குடல் சுவரைக் குத்தாதிருக்கவும் நீர் திரும்பி வழியாதிருக்கவும். முதலில் நீர் ஆறிப்போயிருந்ததால் வயிறு பிடித்துக்கொண்டது. பிறகு, விட்ட நீர் மட்டும் திரும்பி வந்தது. காலையில் சூடாகக் கஞ்சித்தண்ணீர் குடிக்கவைத்து, அலை எழும் அந்த நேரத்தைப் பிடித்தபோதுதான் வழி திறந்தது. அவர் வீட்டுக்குப் போன பிறகும், குழாய்களையும் வளையங்களையும் கொடுக்க நான் அடிக்கடி கோயிலுக்குப் போய்வந்தேன்.

அவர் கருவறைக்குள் போகவில்லை. வெளிமண்டபத்தில் நின்று மந்திரம் சொல்வார். மாய் கருவறை வாசற்படிக்கு இப்பால் ஒரு விளக்கை வைப்பார். பல நாட்கள் தொடர்ந்து கசியாதிருந்தால்தான் உள்ளே போவது என்று தனக்குத் தானே விதித்துக்கொண்டார். அந்த நாட்கள் சேரும். திடீரென்று ஒருநாள் கலைந்துவிடும். ஒருமுறை மண்டபத்தில் நிற்கும்போதே துணிப்பட்டையை மீறி வழிந்துவிட்டது. அன்று அவர் வாளியைச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டார்.

நான் போனபோது திரும்பிப் படுத்திருந்தார். "பழகாது ஆத்தா. டாக்டரம்மாதான் அப்பவே சொல்லுச்சுல்ல, எல்லார் குடலும் பழகாதுன்னு."

டாக்டர் ஹானிடம் சொன்னேன். மறுநாள் வேலை முடிந்ததும் என்னோடு அவரே நடந்து வந்தார். செருப்பை எங்கே விடுவது என்று என்னைக் கேட்டுவிட்டு மண்டபத்தில் ஏறினார். "என்ன சாப்பிட்டார்?" என்பதுதான் முதல் கேள்வி.

மாய் விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்: சோறு, பூசணி, மீன் தொடுவதில்லை, அப்புறம் சுண்டல்.

"சுண்டல் என்றால்?"

"பயறு. சாமிக்கு வைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் இவர்தான் தின்று தீர்ப்பார்."

டாக்டர் ஹான் வாய்விட்டுச் சிரித்தார். பயற்றில் சிறுகுடலால் செரிக்க முடியாத ஒன்று இருக்கிறது; அது பெருங்குடலுக்கு அப்படியே வந்து சேரும்; அங்கே குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதைக் கொண்டாடித் தின்று காற்றாக்கும்; காற்று பின்னாலிருப்பதைத் தள்ளும். குடல் பழகாமலில்லை, விருந்தாளிகள்தான் அதைக் கலைத்தார்கள். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழாக்கினேன்.

"படைச்சத வேண்டாம்னா எப்படி?" என்றார் கதிரேச ஐயா.

"சாமி சாப்பிடட்டும். நீர் பாத்துக்கிட்டு இரும்," என்றார் மாய். "மிச்சத்த நான் சந்தைக்கு எடுத்துட்டுப் போறேன். பூக்காரிங்க வயித்துக்குப் பூட்டு இருக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார். கவிழ்ந்திருந்த வாளியைப் பார்த்தார். எழுந்து போய் அதை நிமிர்த்தி வைத்தார்.

அதன்பின் டாக்டர் ஹான் அந்தக் கோயிலுக்கு வரவில்லை. ஆனால் என்னைக் காணும்போதெல்லாம் "உள்ளே போனாரா?" என்று கேட்பார். "இன்னும் இல்லை" என்பேன். ஊர்வம்பு எதுவும் பேசாத அவர், இந்த ஒன்றை மட்டும் விடாமல் கேட்டார்.

ஒரு சாதாரண நாள். திருவிழாவோ வெள்ளிக்கிழமையோ இல்லை. வேலைக்குப் போகும் வழியில் குழாய் கொடுக்கக் கோயிலில் நுழைந்தேன். வெளிமண்டபத்தில் அவர் வழக்கமாக நிற்குமிடம் காலியாக இருந்தது. மாய் தூணோரம் பூக்கூடையோடு நின்றுகொண்டிருந்தார், சந்தைக்குப் போகவில்லை. பேச வாயெடுத்த என் தோளைப் பிடித்துத் திருப்பி, கருவறைப் பக்கம் காட்டினார். கன்னமெல்லாம் ஈரம். உள்ளே, எண்ணெய்விளக்கின் வெளிச்சத்தில், அவர் முதுகு தெரிந்தது. பால்சொம்பு அவர் கையில் இருந்தது. நான் வந்ததை அவர் அறியவில்லை. முடியும்வரை நின்றேன். வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

அரங்கில் டாக்டர் ஹான் ஏற்கெனவே வேலையில் இறங்கியிருந்தார். கைகழுவி, எதிரே போய் நின்றேன்.

"அக்கா, உள்ளே போய்விட்டார்," என்றேன்.

திறந்த வயிற்றுக்குள் அவர் கைகள் அசையாமல் நின்றன.

"விழுந்து வணங்கினாரா?"

"வணங்கினார்."

"எழுந்தபோது?"

"வேட்டி வெள்ளையாக இருந்தது."

முகமூடிக்கு மேலே அவர் கண்களை மட்டும்தான் பார்க்க முடிந்தது. அவற்றை ஒருமுறை மூடித் திறந்தார். பிறகு, "நூல்," என்று கையை நீட்டினார்.